‘வைஸ்கை’ தொடரை விட்டுவிட்டீர்களே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வெளிவந்த, அமெரிக்கக் குற்றத் தொடர்கள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டுரையாளர் உழைத்து எழுதியிருக்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆயினும், மாபியாக் கும்பலுக்குள் வேறு ஆளாக வேடமிட்டுப் புகுந்து வேலை செய்யும் பொலிஸாரின் கதைகளைப் பற்றிச் சொல்லும்போது, எப்போது அகப்படுவானோ என்ற பதைப்புத்தான் இவ்வகைக் கதைகளின் உயிர் என்று அவர் முடிவு கட்டியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவருடைய பட்டியலில் ‘வைஸ்கை’ இடம்பெற்றிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1987 செப்டெம்பரில் தொடங்கி 1990 வரை ஒளிபரப்பான தொடர் அது. அப்போது நான் கனடாவுக்கு வந்த புதிது. ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறையில், அன்ரெனாவை ஆட்டித் திருப்பி எல்லைக்கு அப்பாலிருந்த பஃபலோ நகரத்து நிலையத்தைப் பிடித்து, ஆங்கிலம் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் அதைப் பார்த்தேன். பேச்சு விளங்காத இடங்களிலும் நாயகனின் முகத்தில் இருந்த அவதி விளங்கியது.

வின்னி ரெறநோவா என்ற அந்த நாயகன் கும்பல்களுக்குள் வேடமிட்டுப் புகும் அரச அதிகாரி; நியூ யோர்க்கின் புரூக்ளினில் வளர்ந்த இத்தாலிய வழிக் குடும்பத்துப் பிள்ளை. கும்பல்காரர்கள் தன்னை நம்ப வேண்டும் என்பதற்காகவே நியூவார்க் சிறையில் 18 மாதங்கள் உண்மையான கைதியாகக் கிடந்துவிட்டு வெளியே வருகிறான். மகன் கெட்டுப்போய்விட்டான் என்று தாய் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பாதிரியாரான சகோதரனுக்கு மட்டுமே உண்மை தெரியும். வின்னியாகக் கென் வால் நடித்தார். அவருடைய மேலதிகாரியாக வந்த ஜொனதன் பாங்க்ஸை இன்றைய தலைமுறை ‘பிரேக்கிங் பாட்’ தொடரின் மைக்காக அறியும். தொலைபேசியின் மறுமுனையில் இருந்து வின்னியைக் காக்கும் ‘லைஃப்கார்ட்’ பாத்திரத்தில் நடித்த ஜிம் பேர்ன்ஸ், ஒரு வீதி விபத்தில் இரு கால்களையும் இழந்த புளூஸ் இசைக் கலைஞர். அந்தக் குரலில் இருந்த பரிவை நான் இன்றும் மறக்கவில்லை.

அக்காலத்துப் பொலிஸ் தொடர்களில் பெரும்பாலானவை ஒரு மணி நேரத்துக்குள் குற்றவாளியைப் பிடித்துக் கதையை முடித்துவிடும். ‘வைஸ்கை’யை உருவாக்கிய ஸ்டீவன் கனெல், ஃபிராங்க் லூப்போ இருவரும் அதற்கு முன்னர் படைத்த ‘ஏ-ரீம்’ தொடரும், பொலிஸ் கதை இல்லாவிட்டாலும், அப்படி வாரத்துக்கு ஒரு கதையை முடித்துவிடுவதே. ஒரே கதையை வாரக் கணக்கில் இழுத்துச் செல்லும் வழக்கத்தை 1981இல் வந்த ‘ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்’ முன்னரே பொலிஸ் தொடர்களுக்குக் கொண்டுவந்திருந்தது என்பதையும் நான் மறுக்கவில்லை. ‘வைஸ்கை’ செய்தது அதிலிருந்து வேறுபட்டது. ஒரு குற்றவாளியை எடுத்துக்கொண்டு, அவனுடைய உலகத்துக்குள் வின்னியையும் நம்மையும் பல வாரங்கள் குடியிருக்க வைத்து, அவனுடைய வீழ்ச்சியோடு அந்தக் கதையை முழுமையாக முடித்து, பிறகு அடுத்த உலகத்துக்குப் போனது.

முதற் கதை அத்திலாந்திக் சிற்றியை ஆளும் சொனி ஸ்டீல்கிரேவின் கதை. ரே ஷார்க்கி அவனாகவே வாழ்ந்தார். சொனி முன்கோபக்காரன், கொலைக்கு அஞ்சாதவன். ஆனால் அவனுக்கு வின்னி மீது வந்த அன்பு பொய்யில்லை. சுமார் இரண்டு மாதங்கள், வாரம் தவறாமல், அந்த அன்பு வளர்வதை நாம் பார்க்கிறோம். ஒரு மணி நேரக் கதையில் வில்லனைக் காட்டிக்கொடுப்பதற்கு நாயகன் எந்த விலையும் கொடுப்பதில்லை, ஏனென்றால் அந்த வில்லன் நமக்கு அந்நியன். சொனி அப்படியல்லன். அவன் கல்யாணத்துக்கு ஆயத்தமாவதையும், வின்னியைத் தன் சகோதரனைப் போல் பக்கத்தில் வைத்துக்கொள்வதையும் இருந்து பார்த்த பிறகு, அவனைப் பிடித்துக்கொடுக்கும் வேலையில் நமக்கும் பங்கு வந்துவிடுகிறது. தொடரின் நீளம் பரபரப்பைக் கூட்டுவதற்காக வந்ததன்று என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். நம்பிக்கை பிறப்பதற்குக் காலம் வேண்டும். அந்தக் காலத்தைத் தந்தால்தான் துரோகத்தின் எடை என்னவென்று பார்ப்பவருக்குத் தெரியும்.

அந்தக் கதையின் முடிவில், உண்மை வெளிப்பட்ட பின், இருவரும் ஒரு பழைய திரையரங்குக்குள் அடைபட்டு, களைத்துப்போகும் வரை அடித்துக்கொள்கிறார்கள். பிறகு நண்பர்களைப் போல் இருந்து பேசுகிறார்கள். கைதாவதைவிட மின்சாரத்தில் கைவைத்துச் சாவதையே சொனி தேர்ந்தெடுக்கிறான். வின்னி அகப்பட்டுவிடுவானோ என்ற பயம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனாலும் தொடரில் இதைவிடக் கனமான காட்சி வேறில்லை. கட்டுரையாளரின் முடிவை மறுப்பதற்கு எனக்கு இந்த ஒரு காட்சியே போதும்.

பின்னர் வந்த கதைகளில் கெவின் ஸ்பேசி நடித்த ஆயுத வியாபாரி மெல் புரொஃபிற்றின் கதை புகழ்பெற்றது. நடிப்பு அபாரம் என்றாலும், அந்தப் பாத்திரம் விசித்திரமானது என்பதால் வின்னியின் மனப்போராட்டம் பின்னுக்குப் போய்விட்டது என்பது என் அபிப்பிராயம். அதைவிட, நியூ யோர்க்கின் ஆடைத் தொழில் வட்டாரத்தில் கும்பலின் பிடிக்குள் சிக்கிய முதலாளியாக ஜெரி லூயிஸ் நடித்த கதை எனக்கு நெருக்கமானது. வாழ்நாள் முழுவதும் மக்களைச் சிரிக்க வைத்த ஒருவர், கடனில் மூழ்கும் தகப்பனாக வந்து நின்றபோது, மாபியா யாருடைய சோற்றில் கை வைக்கிறது என்பது முதன்முறையாக எனக்கு உறைத்தது.

இவையெல்லாம் கற்பனை என்று கட்டுரையாளர் சொல்லக்கூடும். அப்படியானால் உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்க மத்திய புலனாய்வு நிறுவனமான எவ்.பி.ஐ.யின் அதிகாரி ஜோசப் பிஸ்ரோன், டொனி பிராஸ்கோ என்ற பெயரில் நகைத் திருடனாக வேடமிட்டு 1976இல் நியூ யோர்க்கின் பொனானோ என்ற மாபியாக் குடும்பத்துக்குள் புகுந்தார். 1981 ஜூலையில்தான் அவர் வெளியே எடுக்கப்பட்டார். அவருடைய சாட்சியத்தால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அந்த வழக்குகள் தேவையானவை, அவருடைய துணிவு பெரியது. அவரைக் கும்பலின் முழு உறுப்பினராக்க முன்மொழிந்தவர் ‘சொனி பிளாக்’ என்று அழைக்கப்பட்ட டொமினிக் நப்போலித்தானோ. தாம் நம்பியிருந்த மனிதர் எவ்.பி.ஐ. அதிகாரி என்ற செய்தியை அதே நிறுவனத்தின் அதிகாரிகள் நேரில் வந்து சொன்ன சில வாரங்களில், நப்போலித்தானோ ஒரு கூட்டத்துக்கு அழைக்கப்பட்டார். அங்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தம் நகைகளையும் வீட்டுச் சாவியையும் மதுச்சாலைப் பணியாளரிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஓர் ஆண்டு கழித்து ஸ்ரேற்றன் தீவில் அவருடைய உடல் கண்டெடுக்கப்பட்டபோது கைகள் வெட்டப்பட்டிருந்தன. அவர் கொலைகாரர், அவருக்காக நான் பரிந்து பேசவில்லை. ஆனால் அந்தச் சாவியைக் கொடுத்த கணத்தை எழுத மறுக்கும் எந்தக் கதையும் இந்த வேலையைப் பற்றிய முழுக் கதையாகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திரையரங்குக் காட்சியில் ஒலித்த ‘நைற்ஸ் இன் வைற் சற்றின்’ பாடல், உரிமை சம்பந்தமான காரணங்களால் பின்னாளில் வெளிவந்த டிவிடிகளில் நீக்கப்பட்டுவிட்டது. 1987இல் நான் கேட்ட அந்தக் காட்சியை இன்று டிவிடி வாங்கிப் பார்ப்பவர் கேட்க முடியாது. ஆகவே, அந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி அச்சுக்குப் போவதற்கு முன்னர், இத்தொடரின் முதற் பருவத்தையாவது கட்டுரையாளர் பார்க்க வேண்டும் என்றும், இயலுமானால் பழைய ஒளிபரப்புப் பதிவு ஒன்றைத் தேடிப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ, கனடா.