தகடு ஏன் இப்படி இளைத்தது?

ஐயா,

ஏற்காட்டில் நாலு அறை வாடகைக்கு விடுகிறேன். 2009-இல் செவ்வாய்ப்பேட்டை வெல்டிங் பட்டறையில் 4 மில்லிமீட்டர் தகட்டில் கோழி வாட்டப் புகை அடுப்பு செய்து வாங்கினேன். தூக்க மூன்று ஆள் வேண்டும். காப்பிச் செடி கவாத்து விறகு இரண்டு கட்டை போட்டால் மணிக்கணக்கில் சூடு நிற்கும். கீல்கூட இன்னும் ஆடவில்லை.

போன வருடம் ஆன்லைனில் இன்னொன்று வாங்கினேன். ஒரு கையால் தூக்கினேன், அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இரண்டாம் மாதமே மூடி கோணி, இடுக்கெல்லாம் புகை. மெல்லிய தகடு மார்கழிக் காற்றில் சட்டென்று ஆறிவிடுகிறது, கரியோ இரண்டு பங்கு. காலில் துரு வேறு.

பெட்டியில் நிறம் போட்டிருக்கிறது, சக்கரம் எத்தனை என்று போட்டிருக்கிறது. தகட்டின் கனத்தையும் அச்சிட்டால் என்னவாம்?

ஒரு வாசகர், ஏற்காடு