பேட்டரி மட்டும் மாத்தினா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மோட்டார்ஹோம்ல (உள்ளயே தங்குற வசதி உள்ள வண்டி) லைட், ஃபேனுக்குன்னு தனியா இருக்குற பழைய லெட் ஆசிட் பேட்டரிய தூக்கிட்டு லித்தியம் போட்டா போதும்னு நெறைய பேர் நினைக்கிறாங்க, விக்கிறவங்களும் அப்படியே சொல்லி வித்துடுறாங்க, ஆனா இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கி பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கிறதில்ல.

லெட் ஆசிட் நிரம்ப நிரம்ப கரண்ட் இழுக்குறத தானா கொறைச்சுக்கும். இந்த லித்தியம் வகை, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், அப்படி இல்லைங்க, உள் மின்தடை ரொம்ப கம்மி, கிட்டத்தட்ட முழுசா நிரம்புற வரைக்கும் கொடுத்ததெல்லாம் இழுத்துக்கிட்டே இருக்கும். வண்டி நின்ன இடத்துல ஐடிலிங்ல ஓடும்போது ஆல்டர்னேட்டர் ஃபேனும் மெதுவாத்தான் சுத்தும், சூடு வெளிய போகாம டயோடோ காயிலோ கருகிடும். அப்புறம் பேட்டரி மட்டம்னு திட்டுவாங்க!

ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ற இன்ஜின் பேட்டரிக்கும் லித்தியத்துக்கும் நடுவுல, கரண்டையும் வோல்டேஜையும் கட்டுப்படுத்துற ஒரு டிசி டு டிசி சார்ஜர் போட்டா தீந்துச்சு. 30 ஆம்ப்ஸ் சார்ஜர்னா பேட்டரிக்கு 30க்கு மேல போகாது. புது வண்டிங்கள்ல ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் டீசல் மிச்சம் பண்ண வோல்டேஜ இறக்கிடுது, ரெண்டு பேட்டரியையும் நேரா இணைக்கிற வெறும் ரிலே சுவிட்ச நம்பினா லித்தியத்துக்கு வேண்டிய 14.4 வோல்ட் எங்கருந்து வரும்? சார்ஜர் அதையும் ஏத்திக் கொடுத்துடும். ஒயர் தடிமனா இருக்கணும், ரெண்டு பேட்டரி பக்கமும் ஃபியூஸ் வேணும். 0 டிகிரிக்கு கீழ சார்ஜ் ஏத்தவே கூடாது, செல் கெட்டுடும்.

இதெல்லாம் பேட்டரி பெட்டி மேலயே அச்சடிச்சு விக்கணும்னு கம்பெனிக்காரங்க காதுல விழுற மாதிரி உங்க பத்திரிகைல எழுதுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்