ஐந்து கேள்விக்கு ஆறு வாரமா, அண்ணாச்சி?

பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்திலும் டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி வகுப்பு நடத்தும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். நான் முக்கூடல் பக்கத்துக்காரி. குரூப் 4 இரண்டு தடவை எழுதி, இரண்டாம் தடவை தேறி, இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். உங்களில் ஒருவரிடம் நான் படித்தேன். இன்னொருவரிடம் என் சித்தி மகள் படித்தாள். யார் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் எல்லாம் “நம்மளை இல்ல” என்று நிம்மதியாகப் போய்விடுவீர்கள்.

இந்த மடலுக்குக் காரணம் சித்தி மகளின் நோட்டுதான். 2025 ஜூலை 12-ஆம் தேதி நடந்த தேர்வுக்காகப் பிப்ரவரி கடைசியில் வகுப்பில் சேர்ந்தாள். சித்தி கம்மலை அடகு வைத்துக் கட்டின பணம். அவள் எதை எழுதினாலும் மேலே தேதி போடுகிறவள். அதனால் எந்தப் பாடம் எத்தனை நாள் நடந்தது என்று நோட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடுகிறது. மார்ச் முழுக்க அறிவியல். ஏப்ரல் இரண்டாம் வாரம் வரை அதே அறிவியல். அமிலம், காரம், ஒளிவிலகல், சிறுநீரகத்தின் படம், பாகம் குறித்து வண்ணம் தீட்டி. அப்புறம் மாதக் கடைசி வரை புவியியல். மே மாதம் சிந்து சமவெளியில் இறங்கி முகலாயரில் கரையேறினார்கள். ஜூனில் ஆட்சியியல், நடுநடுவே கொஞ்சம் தமிழ். தமிழ்நாட்டு வரலாறும் பொருளாதாரமும் கடைசிப் பத்து நாளில் ஜெராக்ஸ் தாள்களாக வந்து சேர்ந்தன. கணக்குக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை.

இப்போது தேர்வாணையம் அச்சடித்துக் கொடுத்திருக்கும் எண்களைப் பார்ப்போம். உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் தமிழ் மட்டும் 100. பொது அறிவு 75, திறனறிவு என்கிற கணக்கு 25. அந்த 75-க்குள் பொது அறிவியல் 5, புவியியல் 5, இந்திய வரலாறும் தேசிய இயக்கமும் சேர்ந்து 10, ஆட்சியியல் 15, பொருளாதாரமும் தமிழ்நாட்டு வளர்ச்சி நிர்வாகமும் 20, தமிழ்நாட்டு வரலாறு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் 20.

ஐந்து கேள்விக்கு ஆறு வாரம். இருபத்தைந்து கேள்விக்கு இரண்டு ஞாயிறு. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது, அண்ணாச்சி?

ஏன் இப்படி நடக்கிறது என்று எனக்கு ஓரளவு புரிகிறது. பாடத்திட்டத்தில் முதல் அலகாக அச்சாகியிருப்பது பொது அறிவியல். அச்சான வரிசையிலேயே தொடங்கிவிடுகிறீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அறிவியல் புத்தகம் எடுக்க ஆளும் சுலபமாகக் கிடைக்கிறது. பி.எஸ்சி., பி.இ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் நம் ஊரில் குறைவா என்ன? வளர்ச்சி நிர்வாகம் எடுக்க ஆள் கிடைப்பதில்லை. ஆக, கையில் இருக்கும் வாத்தியாருக்கு ஏற்ற மாதிரி பாடம் நடக்கிறது. கேள்வித்தாளுக்கு ஏற்ற மாதிரி நடப்பதில்லை.

என் கதையும் இதேதான். 2022 ஜூலையில் முதல் தடவை எழுதினேன். அப்போது பொது அறிவில் எந்த அலகிலிருந்து எத்தனை கேள்வி என்று ஆணையம் பிரித்துச் சொல்லவில்லை, அதனால் உங்களைக் குறை சொல்ல முடியாது. நானும் ஆறாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடத்திலிருந்து அடிக்கோடு போட்டுப் படித்தேன். தேர்வறையில் 25 கணக்கில் 14-ஐத் தொடவே முடியவில்லை. மணி அடிக்கப் போகிறார்கள் என்கிற பதற்றத்தில் சிலவற்றுக்கு வாய்க்கு வந்த வட்டத்தைக் கறுத்தேன், சிலவற்றுக்கு ஐந்தாவது வட்டம், அதாவது ‘விடை தெரியவில்லை’. அந்த வட்டத்தைக் கறுக்கும்போது வருகிற அவமானம் கொஞ்சநஞ்சமல்ல.

அதற்கப்புறம் தேர்வாணையத்தின் இணையதளத்திலிருந்து பழைய கேள்வித்தாள்களை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே அது எந்தப் பாடத்திலிருந்து வந்தது என்று பென்சிலால் குறித்து எண்ணினேன். ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை என்று அம்மா திட்டினாள். ஆனால் நான் உருப்படியாகப் படித்த முதல் வாரம் அதுதான். உங்கள் பிள்ளைகளுக்கு இப்போது அந்த வேலைகூட இல்லை, ஆணையமே எண்ணிக் கொடுத்துவிட்டது. எண்ணிக் கொடுத்ததை நீங்கள் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை.

எங்கள் வீட்டில் பீடி சுற்றுவது பிழைப்பு. நான் வேலையில் சேரும் வரை சுற்றினேன். ஆகவே எனக்கு நேரம் இரண்டு வகை: கை சும்மா இருக்கும் நேரம், காது மட்டும் சும்மா இருக்கும் நேரம். மடியில் தட்டு இருக்கும்போது எழுத முடியாது, கணக்குப் போட முடியாது. கேட்க முடியும். இலக்கணக் குறிப்பு, அருஞ்சொற்பொருள், தமிழ்நாட்டு வரலாற்றின் ஆண்டுகள், அரசியலமைப்புச் சட்டத்தின் பிரிவுகள் எல்லாவற்றையும் என் குரலிலேயே செல்போனில் பதிந்து வைத்துக்கொண்டு, இலையை உருட்டிக்கொண்டே கேட்டேன். விடிகாலை ஐந்திலிருந்து ஆறு வரை கை என்னுடையது. அந்த ஒரு மணி நேரம் கணக்குக்கு மட்டும். எதை முதலில் படிப்பது என்பதோடு, எதை எந்த நேரத்தில் படிப்பது என்பதும் சேர்ந்த கேள்விதான் இது. உங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஜவுளிக்கடையிலோ மருந்துக்கடையிலோ நின்றுவிட்டு வருகிறவர்கள். அவர்களிடம் “தினமும் பத்து மணி நேரம் படி” என்று சொல்வதில் என்ன பயன்?

கணக்கு வராது என்று அழுகிற பிள்ளைகளுக்கு என் அம்மாவை வைத்துத்தான் சொல்லிக் கொடுப்பேன். அம்மா 1,000 பீடி சுற்ற 8 மணி நேரம். எனக்கு 12 மணி நேரம். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் எவ்வளவு நேரம்? 8-க்கும் 12-க்கும் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) 24, ஆக மொத்த வேலையை 24 பங்கு என்று வைப்போம். ஒரு மணி நேரத்தில் அம்மா மூன்று பங்கு, நான் இரண்டு பங்கு, சேர்த்து ஐந்து. 24-ஐ 5-ஆல் வகுத்தால் 4 மணி 48 நிமிடம். ‘காலமும் வேலையும்’ என்று பாடத்திட்டம் சொல்வது இவ்வளவுதான். தனிவட்டி, கூட்டுவட்டி எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. விகிதம் சமையலறையில் இருக்கிறது. இந்த 25 கேள்விக்கு மனப்பாடம் கிடையாது, மறதி கிடையாது, புதுப் புத்தகம் வாங்க வேண்டாம். தினமும் அரை மணி நேரம் கை ஓட வேண்டும், அவ்வளவுதான். அது இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் ஓடாது. முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை தினமும் வைக்க வேண்டிய பாடத்தைத்தான் நீங்கள் கடைசியில் வைக்கிறீர்கள்.

நேரக் கணக்கும் இதில் இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி என்றால் கேள்விக்கு 54 வினாடி, வட்டம் கறுப்பதையும் சேர்த்து. பல கணக்குகள் 54 வினாடியில் முடியாது. தமிழை 65 நிமிடத்திலும் பொது அறிவை 50 நிமிடத்திலும் முடித்தால்தான் கணக்குக்கு 65 நிமிடம் மிஞ்சும். இப்படி ஓட்டிப் பார்க்க வாராவாரம் 200 கேள்வி முழுத்தாள் வேண்டும். நீங்கள் வைத்த தேர்வோ ‘அறிவியல் – 100 கேள்வி’.

தமிழைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், 150 மதிப்பெண் ஆயிற்றே. அதிலும் 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். புதுப் பாடத்திட்டத்தில் இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொல் 10, வாசித்துப் புரிந்துகொள்ளுதல் 15, எளிய மொழிபெயர்ப்பு 5. இலக்கியமும் தமிழறிஞர்களும் சேர்த்து 15-தான். சித்தி மகளின் நோட்டில் தமிழ் என்ற தலைப்பில் இருப்பது என்ன தெரியுமா? நூல் – நூலாசிரியர், புலவர் – அடைமொழி, பக்கம் பக்கமாகக் கட்டம் கட்டி. பழைய பாடத்திட்டத்தின் நினைவில் நடத்தியிருக்கிறீர்கள். ஜூலைத் தேர்வு முடிந்ததும் தமிழ்த் தாள் கடினம் என்று ஊரெல்லாம் புலம்பினார்கள். கடினம்தான், மறுக்கவில்லை. ஆனால் கட்டம் கட்டி மனப்பாடம் பண்ணின பிள்ளைக்கு அது இரண்டு மடங்கு கடினமாக இருந்திருக்கும். கலைச்சொல்லை ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சுற்றறிக்கை, குறிப்பாணை, முன்கொணர்வு என்று நான் அலுவலகத்தில் தினமும் கையாளுவது அந்தச் சொற்களைத்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு படிக்கிற பாடம் அது ஒன்றுதான் என்று எங்கள் பிரிவில் சிரிப்போம்.

தமிழ்நாட்டு வரலாறு 20 கேள்வி. அதைக் கடைசிப் பத்து நாளில் தள்ளினதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. திருநெல்வேலிச் சீமையில் உட்கார்ந்துகொண்டு அதைத் தாளாகக் கொடுக்கலாமா? 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு, மதுரைக்குப் பஸ் ஏறினால் வழியில் வருகிறது. 1908 பிப்ரவரி, மார்ச்சில் வ.உ.சி. நடத்திய கோரல் மில் வேலைநிறுத்தம், அவர் கைதானதும் மார்ச் 13-இல் திருநெல்வேலியில் வெடித்த எழுச்சி, 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது, எல்லாம் ஒரே கதையின் அடுத்தடுத்த பக்கம். எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சேரன்மகாதேவியில் குருகுலத்துப் பிள்ளைகளைச் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார வைத்துச் சோறு போட்டதுதான் பெரியாரைக் காங்கிரசிடமிருந்து விலக வைத்த காரணங்களில் ஒன்று. ஊராட்சி பற்றி உத்திரமேரூர்க் கல்வெட்டை மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு, சங்கரன்கோவில் போகிற வழியில் இருக்கும் மானூர்க் கல்வெட்டு அதற்கு முந்தியது, அதுவும் சபையைப் பற்றித்தான் பேசுகிறது என்று சொல்லிவிட்டால் இரண்டும் சேர்ந்து நிற்கும். ஆதிச்சநல்லூர், சிவகளை, இடையன்குடியில் கால்டுவெல், சாயர்புரத்தில் ஜி.யு.போப்... இதெல்லாம் தெரு விலாசம் போல மனதில் பதியும். மறக்காத பாடத்தை முதலில் கொடுங்கள், பிள்ளைக்குத் தைரியம் வரும். நான் ஆரம்பித்ததே அங்கேதான்.

“கேள்வி எங்கிருந்து வேண்டுமானாலும் வரும், எதையும் விடக்கூடாது” என்று நீங்கள் சொல்வீர்கள். என்னிடமும் சொன்னார்கள். எங்கிருந்து வேண்டுமானாலும் வரும், சரி. ஆனால் அறிவியலிலிருந்து ஐந்துக்கு மேல் வராதே. நான் இரண்டாம் தடவை இயற்பியலையும் வேதியியலையும் பெரும்பாலும் விட்டுவிட்டேன். நோய்கள், ஊட்டச்சத்து, சுற்றுச்சூழல் மட்டும் பார்த்தேன். விட்டதில் போன மதிப்பெண் போகட்டும் என்று தெரிந்தேதான் விட்டேன். எதை விடலாம் என்று சொல்ல வாத்தியாருக்குத் துணிச்சல் வேண்டும். விட்ட இடத்திலிருந்து கேள்வி வந்தால் வசவு உங்களுக்குத்தான் விழும், அதுவும் எனக்குத் தெரியும்.

குரூப் 1 எழுதப்போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது. முதல்நிலையில் பொது அறிவு மட்டுமே 175 கேள்வி. அப்புறம் முதன்மைத் தேர்வில் பக்கம் பக்கமாக விரித்து எழுத வேண்டும். அங்கே அறிவியலை ஒதுக்கினால் அடி விழும். அதனால்தான் குரூப் 1-க்கும் குரூப் 4-க்கும் ஒரே அறையில், ஒரே அட்டவணையில் பாடம் நடத்துவது அநியாயம் என்கிறேன். பெஞ்சு நிறைகிறது என்பதைத் தவிர அதில் வேறு லாபம் தெரியவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சேர வருகிறவர்களிடம் பணம் வாங்குவதற்கு முன்னால், ஒரே ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டுக் காட்டுங்கள்: இந்தப் பாடத்துக்கு இத்தனை கேள்வி, நாங்கள் நடத்தப்போவது இத்தனை மணி நேரம். கம்மலை அடகு வைக்கிற அம்மாவுக்கும் அது புரியும். கணக்கைத் தினமும் முதல் அரை மணி நேரமாக வையுங்கள். மாலை வகுப்பில் அதைக் கடைசியில் வைத்தால் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பஸ்ஸுக்கு எழுந்து ஓடிவிடுவார்கள். நானே அப்படி ஓடினவள்தான். வளர்ச்சி நிர்வாகத்துக்கு ஆள் இல்லையென்றால் எங்களைப் போல வேலையில் இருப்பவர்களைக் கூப்பிடுங்கள். மகளிர் உரிமைத்தொகை மனு எங்கே போகிறது, காலை உணவுத் திட்டம் எப்படி நடக்கிறது என்று சொல்ல எங்களால் முடியும். காசு வேண்டாம், ஒரு காப்பி போதும்.

சித்தி மகள் திரும்பவும் படிக்கிறாள். இந்தத் தடவை எந்த வகுப்பிலும் சேரவில்லை. ஞாயிறு காலையில் நாங்கள் ஏழு பேர் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் சேர்ந்து உட்காருகிறோம், முழுத்தாள் எழுதித் திருத்திக்கொள்கிறோம். நான் பென்சிலால் எண்ணின அந்தப் பழைய நோட்டும் அங்கேதான் இருக்கிறது. உங்களில் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து வாங்கி ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், அண்ணாச்சி. பதினோரு மணிக்கு மேல் வந்தால் நல்லது, அதுவரை தேர்வு நடக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி