இசை நிகழ்ச்சிக்கான அனுமதியில் ஆள் எண்ணிக்கை எழுதப்பட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் ஆகிய நகரங்களில் திறந்தவெளி இசை நிகழ்ச்சிகள் கடந்த சில ஆண்டுகளில் வெகுவாகப் பெருகியுள்ளன. சென்னைக்குப் போனால்தான் கேட்க முடியும் என்றிருந்த பாடகர்களும் இசையமைப்பாளர்களும் இன்று கொடிசியா மைதானத்துக்கு வருகிறார்கள். பொறியியல் கல்லூரிகளின் ஆண்டு விழா மேடைகளிலும் பாடுகிறார்கள். பிள்ளைகள் காசு சேர்த்து டிக்கெட் வாங்கிப் போய்க் கேட்பதை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன். கட்டுமானப் பொறியியல் கற்பிப்பவன் என்ற முறையில் என் கவலை வேறு. பல்லாயிரம் பேர் நிற்கப்போகும் ஒரு திடலில் எத்தனை பேர் நிற்கலாம் என்பதைக் கணக்கிட்டு எழுதி வைத்திருப்பதை நான் எங்கும் கண்டதில்லை. ஆபத்து நேர்ந்தால் பாட்டை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதும் அங்கே நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை. இவ்விரண்டும் அனுமதிக் கடிதத்திலேயே எழுதப்பட்டு, வாசலில் எல்லாரும் படிக்கும்படி வைக்கப்பட வேண்டும் என்று வேண்டுவதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நெரிசலில் இறந்தவர்கள் கீழே விழுந்து மிதிபட்டு இறந்தார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படி இறப்போரும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் மூச்சுத் திணறி இறக்கிறார்கள். அவர்களில் பலர் நின்ற நிலையிலேயே இறக்கிறார்கள். மூச்சை இழுப்பதற்கு மார்புக்கூடு விரிய வேண்டும். நாற்புறமும் உடல்கள் நெருக்கும்போது அது விரிவதில்லை. சில நிமிடங்களில் உயிர் போய்விடுகிறது. ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் வரை நின்றால் ஒருவர் திரும்பலாம், கையை உயர்த்தலாம், வழி கேட்டு வெளியே வரலாம். ஐந்து பேரைத் தாண்டும்போது ஆபத்து தொடங்குகிறது. ஏழு பேரை எட்டும்போது கூட்டம் நீரைப் போல ஒரே பொருளாக அசையத் தொடங்கும் என்றும், அதனூடே ஓடும் அலை ஒருவரை மூன்று மீட்டர் தூரத்துக்கும் மேல் தள்ளிக்கொண்டு போய்விடும் என்றும் அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் 1993-இல் எழுதினார். இரும்புக் கம்பித் தடுப்புகள் வளைந்துபோகும் அளவுக்கு அந்த அழுத்தம் இருக்கும். அந்த நிலையில் தனி ஒருவருடைய உடல் வலிமையும் ஒழுக்கமும் எதற்கும் உதவாது. ஒவ்வொரு நெரிசலுக்குப் பிறகும் இளைஞர்களின் கட்டுப்பாடின்மையைக் கண்டித்துப் பேசுகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். பின்னால் நிற்பவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். முன்னால் ஒருவர் மூச்சுக்குத் தவிப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஸ்பீக்கரின் ஒலியில் அவர் எழுப்பும் குரல் கேட்பதுமில்லை. நெருக்கடியைக் காணக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் மேடையில் உள்ளவர்களும் அமைப்பாளர்களும் காவலர்களும்தான்.

அவர்கள் கண்டும் நிகழ்ச்சி நிற்காமல் போனதற்குச் சான்று ஹூஸ்டன். 2021 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் அந்நகரில் ஆஸ்ட்ரோவேர்ல்டு இசை விழாவில் ஏறத்தாழ 50,000 பேர் கூடியிருந்தனர். அன்றைய நெரிசலில் 10 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் மிக இளைய குழந்தைக்கு வயது 9, மூத்தவருக்கு 27. பலர் உயிருக்குப் போராடும் அவசரநிலை என்று அதிகாரிகள் இரவு 9.38 மணிக்கே அறிவித்துவிட்டனர். அதற்குப் பின்னும் அரை மணி நேரத்துக்கும் மேல் பாட்டு தொடர்ந்தது. அமைப்பாளர்கள் தயாரித்த பல பக்கத் திட்ட ஆவணத்தில், நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் இருவருக்கு மட்டுமே தரப்பட்டிருந்தது. கூட்டத்துக்குள் நின்று மயங்கியவர்களைத் தூக்கிய காவலருக்கோ மருத்துவ உதவியாளருக்கோ அந்த அதிகாரம் இல்லை. அரைமணி நேரம் என்பது மூச்சு நின்றவர்களுக்கு எவ்வளவு நீண்டது என்பதை இனி எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மேடைக்கு முன்னால் நேரும் நெரிசல் ஒரு வகை என்றால், வாசலில் நேரும் நெரிசல் மற்றொரு வகை. 1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ‘தி ஹூ’ இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு வந்த ஆயிரக்கணக்கானோர் குளிரில் காத்திருந்தனர். இருக்கை எண் இல்லாத டிக்கெட் என்பதால் முதலில் நுழைபவருக்கே முன்னிடம். திறக்கப்பட்ட கதவுகளோ மிகச் சில. 11 பேர் வாசலிலேயே இறந்தார்கள். உள்ளே நிகழ்ச்சி முழுவதும் நடந்து முடிந்த பிறகே இசைக்குழுவினருக்குச் செய்தி சொல்லப்பட்டது. 2010 ஜூலை 24 அன்று ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் நடந்த இசை விழாவில் 21 பேர் இறந்ததற்கு, சுரங்கப் பாதை வழியாக வந்து சேரும் ஒரே சரிவுப் பாதையை உள்ளே வருபவர்களுக்கும் வெளியே போகிறவர்களுக்கும் பொதுவாக விட்டதே பெருங்காரணம். நமக்கு மிக அருகில், பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிச் சில மணி நேரப் பயணத்தில் உள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2023 நவம்பர் 25 அன்று இசை நிகழ்ச்சி தொடங்கும் முன்பே நால்வர் இறந்தனர். திறந்தவெளி அரங்கின் வாசலைக் கடந்ததும் கீழிறங்கும் படிகள். மழை பெய்தவுடன் வெளியே நின்றவர்கள் உள்ளே ஒதுங்க முயன்றார்கள். முன்னால் இருந்தவர்கள் படியில் சரிந்தார்கள். அங்கே எவரும் வன்முறையில் ஈடுபடவில்லை. மழையும் குறுகிய வாசலும் படிகளும் போதுமானவையாக இருந்தன.

கொச்சி நிகழ்வைப் படித்தபோது நம் பகுதிக் கல்லூரிகளே என் கண்முன் வந்தன. பெருந்துறை, திருச்செங்கோடு, காளப்பட்டி, பொள்ளாச்சி என்று எந்தத் திசையில் போனாலும் இங்கே பொறியியல் கல்லூரி உண்டு. ஆண்டு விழாவுக்கு வெளி மாணவர்களும் திரண்டு வருவார்கள். அடையாள அட்டையைச் சோதிப்பதற்காக நான்கு கேட்டுகளில் மூன்றைப் பூட்டிவிட்டு ஒன்றை மட்டும் பாதி திறந்து வைப்பது பல இடங்களில் வழக்கம். வெளியாள் நுழையக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் செய்வதுதான். ஆனால் பூட்டிய கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் நிகழ்ச்சி முடியும் வரை அந்தக் கேட்டின் அருகிலேயே நிற்கிறாரா என்ற கேள்விகளை எந்த விழாக் குழுவும் தவிர்க்கக் கூடாது.

கணக்கு கடினமானதன்று. நம் பகுதியில் நிலத்தைச் சென்ட் கணக்கில் பேசிப் பழகியவர்கள் நாம். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு நான்கு பேர் என்ற மேல் எல்லையை வைத்தாலும் ஒரு சென்ட்டில் 160 பேருக்கு மேல் நிற்கக் கூடாது. சற்றுத் தாராளமாக நிற்க வேண்டுமானால் 80 பேரே சரி. மூன்று ஏக்கர் திடல் என்றால் 300 சென்ட் ஆயிற்றே, அரை லட்சம் பேர் நிற்கலாமே என்று அமைப்பாளர் சொல்லக்கூடும். அதில் மேடை, ஒலி ஒளிக் கூடாரங்கள், பிரமுகர்களுக்கான நாற்காலிகள், உணவுக் கடைகள், ஆம்புலன்ஸ் வழி எல்லாம் போக மீதியைத்தான் எண்ண வேண்டும். அந்த மீதியிலும் மக்கள் சீராகப் பரவி நிற்பதில்லை. மேடையும் எல்இடி திரையும் நன்றாகத் தெரியும் இடத்தில்தான் குவிவார்கள். திடலின் பின்பாதி காலியாக இருக்கும்போதே முன்பாதியில் ஆள் சாகலாம் என்பதால், திடல் முழுமைக்கும் ஒரே எண் போதாது. தடுப்பு வைத்துப் பிரித்த ஒவ்வொரு அடைப்புக்கும் தனித்தனி எண் வேண்டும். 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் மேடைக்கு முன்னால் 9 இளைஞர்கள் இறந்த பிறகு, அந்த விழாவில் மேடை முன்னிடத்தைத் தனி அடைப்புகளாகப் பிரித்து ஆட்களை எண்ணி உள்ளே விடும் முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த விழா இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

வெளியேறும் வழிக்கும் இதே போலக் கணக்கு உண்டு. சமதளமான வழியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 பேர் கடக்க முடியும். மூன்று மீட்டர் அகலமுள்ள ஐந்து கேட்டுகள் திறந்திருந்தால் 10,000 பேர் எட்டு, ஒன்பது நிமிடங்களில் வெளியேறிவிடுவார்கள். அவற்றில் நான்கைப் பூட்டிவிட்டால் அதே கூட்டம் வெளியேற 40 நிமிடங்களுக்கு மேல் ஆகும். கேட்டுக்கு எதிரே இருசக்கர வண்டிகளை நிறுத்தி வழியைப் பாதியாக்கினால் இன்னும் கூடும். இவ்வளவு எளிய கணக்கை அனுமதி கோரும் விண்ணப்பத்தோடு வரைபடமாக இணைக்கச் சொல்வதில் என்ன தடை இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு சிற்றூர்த் திரையரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு திரையரங்குகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1955-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ‘சி’ படிவ உரிமம் இல்லாமல் அரங்கில் படம் ஓட்ட முடியாது. இருக்கைகளின் எண்ணிக்கை, வெளியேறும் வாயில்கள், தீயணைப்பு ஏற்பாடு எல்லாம் அதற்கு முன் சோதிக்கப்படுகின்றன. 500 பேர் அமர்ந்து பார்க்கும் அரங்குக்கு இவ்வளவு கண்டிப்பு காட்டும் நாம், 20,000 பேர் நின்று பார்க்கும் திடலுக்கு அதே அளவு கண்டிப்பு காட்டுவதில்லை. திரையரங்கில் இருக்கை எண்ணிக்கைக்கு மேல் டிக்கெட் விற்றால் உடனே தெரிந்துவிடும். திறந்த திடலில் டிக்கெட்டும் இலவச பாஸும் சேர்ந்து எத்தனை வெளியே போயின என்பது அமைப்பாளரின் கணினிக்கு மட்டுமே தெரியும். 2023 செப்டம்பர் 10 அன்று சென்னையை அடுத்த பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரகுமான் இசை நிகழ்ச்சியில் டிக்கெட் வாங்கிய பலர் உள்ளே நுழையவே முடியாமல் நெரிசலில் சிக்கித் திரும்பினார்கள். அன்று உயிரிழப்பு ஏதும் நேரவில்லை என்பதாலேயே நாம் அதை விரைவில் மறந்துவிட்டோம், மறந்திருக்கக் கூடாது.

கரூரைப் பற்றிப் பேசாமல் கொங்கு நாட்டில் வாழும் ஒருவர் இதை எழுத முடியாது. 2025 செப்டம்பர் 27 அன்று வேலுசாமிபுரத்தில் நடந்த அரசியல் கூட்ட நெரிசலில் குழந்தைகள் உட்பட 41 பேரை இழந்தோம். அது குறித்து மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுள்ளதால், யார் மீது தவறு என்று தீர்ப்புச் சொல்ல நான் முற்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நெறிமுறைகள் பற்றி நடந்த பேச்செல்லாம் அரசியல் கூட்டங்களையும் வாகனப் பேரணிகளையும் சுற்றியே அமைந்தது. கட்சிக் கொடி இல்லாத கூட்டத்திலும் மார்புக்கூடு அதே அழுத்தத்தில்தான் நசுங்குகிறது. இசை நிகழ்ச்சிக்குக் கட்டணம் வாங்குகிறார்கள், ஆகவே எத்தனை பேர் வருவார்கள் என்பது முன்கூட்டியே தெரியும். அரசியல் கூட்டத்தை விட இங்கே கண்டிப்பான விதியை நடைமுறைப்படுத்துவது எளிது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-இலேயே பெருங்கூட்டங்களை நிர்வகிப்பதற்கான வழிகாட்டி நூலை வெளியிட்டிருக்கிறது. அதைத் தமிழில் சுருக்கி ஒவ்வொரு கல்லூரிக்கும் விழா அமைப்பாளருக்கும் கொடுத்தாலே பாதி வேலை முடியும்.

நம் ஊர்களில் கூட்டத்தை ஒழுங்காக நடத்தத் தெரியாது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பண்ணாரி மாரியம்மன் குண்டம் நோம்பிக்கு வருகிற பக்தர்கள் முன்கூட்டியே வந்து தடுப்புகளுக்குள் வரிசையில் காத்திருந்து முறைப்படி குண்டம் இறங்குகிறார்கள். அங்கே போகும் வழியும் வரும் வழியும் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பொறுமையை மாலை ஆறு மணி நிகழ்ச்சிக்கு நண்பகலிலிருந்து வெயிலில் நிற்கும் மாணவர்களிடம் எதிர்பார்க்க வேண்டுமானால், முதலில் அவர்களுக்குக் குடிநீரும் நிழலும், நிகழ்ச்சி எப்போது தொடங்கும் என்ற உண்மையான தகவலும் தரப்பட வேண்டும். 2025 ஜூன் 4 அன்று கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்தின்போது பெங்களூரு சின்னசாமி மைதான வாசலில் 11 பேர் இறந்ததில், நுழைவு இலவசமா பாஸ் வேண்டுமா என்ற குழப்பத்துக்கும் பங்கு உண்டு.

நிறுத்தும் அதிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல வேண்டும். நிகழ்ச்சி நடுவே பாட்டு நின்றால் கூட்டம் கொதித்தெழும் என்று அமைப்பாளர்கள் அஞ்சுகிறார்கள். முன்னறிவிப்பின்றி விளக்கை அணைத்து ஒலியை அறுத்தால் அப்படி நேரலாம். ஆகவேதான் இது முன்பே பேசி முடிவு செய்யப்பட வேண்டிய காரியம். விளக்குகள் அனைத்தும் எரிய வேண்டும். பாடகரே ஒலிவாங்கியில் பேசிப் பின்வரிசையினரைச் சில அடி பின்னுக்கு நகரச் சொல்ல வேண்டும். மயங்கியவர்களை வெளியே கொண்டுவந்த பிறகு நிகழ்ச்சி தொடரலாம். மேடைத் தடுப்பின் அருகே நிற்கும் காவல் அதிகாரி, தலைமை மருத்துவ உதவியாளர் ஆகிய இருவரில் எவர் சைகை காட்டினாலும் பாட்டு நிற்க வேண்டும் என்பது பாடகருடன் செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். ரசிகர்கள் பாடகர் சொல்வதைக் கேட்பார்கள். வேறு எவர் சொல்வதையும் விட விரைவாகக் கேட்பார்கள்.

மாவட்ட ஆட்சியர்களும் மாநகரக் காவல் ஆணையர்களும் புதிய சட்டத்துக்காகக் காத்திருக்காமல் தாங்கள் தரும் அனுமதிக் கடிதத்தில் இந்த நிபந்தனைகளை இப்போதே சேர்க்க முன்வர வேண்டும். ஆசிரியர் அவர்களிடமும் ஒரு விண்ணப்பம். தங்கள் நாளிதழில் வெளியாகும் இசை நிகழ்ச்சி விளம்பரங்களில் பாடகரின் படமும் கட்டண விவரமும் இருக்கின்றன. அனுமதிக்கப்பட்ட ஆள் எண்ணிக்கையையும் அதே விளம்பரத்தில் அச்சிட வேண்டும் என்று விளம்பரதாரர்களிடம் தாங்கள் கேட்டு வாங்கினால், பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் அதைப் பார்த்து முடிவு செய்ய வழி பிறக்கும்.

இங்ஙனம்,
கட்டுமானப் பொறியியல் ஆசிரியர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.