சேகருக்கு, அந்த ரிஃப் பற்றி

அன்புள்ள சேகர்,

நலம்தானே? பதில் தாமதமானதற்கு வழக்கமான சாக்கையே நீயே எழுதிக்கொள். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். டேவிட் கல்யாணத்துக்கு நீ வராததற்குத் தனியாகச் சண்டை இருக்கிறது. இப்போது அவசரம் நீ அனுப்பிய ஒலிப்பதிவு.

டீப் பர்ப்பிள் என்ற ஆங்கில ராக் குழுவின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்', அதில் திரும்பத் திரும்ப வரும் அந்தச் சிறு கிடார் துண்டு, அதுதான் ரிஃப். கிடார் வாங்குகிறவர்கள் எல்லோரும் முதல் வாரம் அதைத்தான் வாசிக்கிறார்கள், பெரும்பாலும் தப்பாக. நீயும் தடித்த கம்பிகளில் பவர் கார்டு (இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் கனத்த பிடி) பிடித்து, பிக்கால், அந்தச் சிறு மீட்டும் வில்லையால், வெளுத்து வாங்கியிருக்கிறாய். குழுவின் கிடார்காரர் ரிச்சி பிளாக்மோர் அந்த ரிஃப்பைப் பிக் இல்லாமல் விரலால்தான் வாசிப்பார். நான்காம், மூன்றாம் கம்பிகள் மட்டும். ஒரே விரலால் இரண்டையும் அழுத்து. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டியும் ஒரே கணத்தில் கிள்ளட்டும். பிக் என்றால் ஒரு கம்பி முந்தும், இன்னொன்று பிந்தும். அந்த வெட்டு போய்விடும்.

எந்த ஃப்ரெட்டில் (கிடார் கழுத்தின் கட்டத்தில்) அழுத்துவது, 0 என்றால் அழுத்தாத திறந்த கம்பி: 0-3-5, 0-3-6-5, 0-3-5-3-0. நீ சறுக்கியது நாலாவது அடியில். நாலு தட்டு சேர்ந்தது ஒரு பார். முதல் மூன்றும் 1, 2, 3 தட்டுகளில் விழும். அடுத்த 0 நாலாம் தட்டில் இல்லைடா, அரைத் தட்டு தள்ளி! அடுத்த பாரில் 3-ம் 6-ம் அப்படியே அரைத் தட்டு தள்ளித்தான். 5 மட்டும் சரியாக மூன்றாம் தட்டில். நீ எல்லாவற்றையும் தட்டில் வைத்ததால் பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி இருக்கிறது.

ஏன் இந்தக் கம்பிகள்? திறந்த நிலையில் மூன்றாம் கம்பியின் சுரம் ஜி, 196 ஹெர்ட்ஸ்; அதற்குக் கீழான சுரம் நான்காம் கம்பியின் டி, 147. டிஸ்டார்ஷன், அதாவது ஆம்ப் ஒலியைக் கரகரக்க வைப்பது, இரண்டின் வித்தியாசத்தையும் எழுப்பும்: 49. அதுவும் ஜி-தான், இரண்டு ஆக்டேவ் கீழே. தடித்த கம்பிகளைத் தொடாமலே அடியில் ஒரு உறுமல் கிடைக்கிறது, ரோஜர் குளோவரின் பேஸ் கிடாருக்கும் இடம் மிஞ்சுகிறது. நீ கிடார் என்று நினைக்கிற கனத்தில் பாதி ஆர்கன் வாசித்த ஜான் லார்ட். ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் கிடார் ஆம்பில் (ஒலிபெருக்கியில்) செருகி அதே ரிஃப்பை வாசிக்கிறார். இசைத்தட்டில் முதலில் கிடார் தனியாக, பிறகு ஹை-ஹேட்டும் (டிரம்ஸின் ஜோடித் தாளத் தட்டு) ஆர்கனும், பிறகு மற்ற டிரம்ஸ், கடைசியில் பேஸ். நீயோ முதல் நொடியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாய்.

பாட்டின் கதை உனக்குத் தெரியும், ஆனால் முழுசாகத் தெரியாது. 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தில் மோன்ட்ரோ சூதாட்ட அரங்கு. அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸப்பா கச்சேரியில் கூட்டத்திலிருந்து எவனோ ஃபிளேர் துப்பாக்கியைக் (எரியும் சமிக்ஞைக் குண்டு சுடுவது) கூரை நோக்கிச் சுட்டுவிட்டான். அரங்கே எரிந்து போச்சு. ஜெனீவா ஏரி மேல் பரவிய புகைதான் தலைப்பு, 'தண்ணீர் மேல் புகை'. உயிர்ப்பலி இல்லை, அங்கே ஜாஸ் விழா நடத்திவந்த கிளோட் நோப்ஸ் உள்ளே மாட்டியவர்களை இழுத்து வந்தார். ஸப்பாவுக்குத்தான் கெட்ட நேரம் தீரவில்லை. ஆறே நாளில் லண்டன் மேடையில் ஒருவன் அவரைக் கீழே தள்ளினான். பல மாதம் சக்கர நாற்காலி.

டீப் பர்ப்பிள் அதே அரங்கில் ஆல்பம் பதிவு செய்ய ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் லாரி ஸ்டுடியோவோடு வந்திருந்தார்கள். பெவிலியன் என்ற வேறு அரங்குக்கு மாறி இந்த டிராக்கைப் போட்டார்கள். ஊர்க்காரர்கள் சத்தம் என்று புகார் செய்ய, போலீஸ் கதவைத் தட்ட, பதிவு முடியும்வரை உதவியாளர்கள் உள்ளிருந்து கதவை அழுத்திப் பிடித்தார்களாம். மீதி ஆல்பம் குளிர்காலத்துக்கு மூடியிருந்த கிராண்ட் ஹோட்டலின் நடைபாதையில், மெத்தைகளைச் சுவராக வைத்து. ஆல்பத்துக்கு இன்னும் சில நிமிடம் தேவைப்பட்டதால்தான் இந்த டிராக்குக்கு வரிகளே எழுதினார்கள். ஹிட் ஆகும் என்று அவர்களுக்கே நம்பிக்கை இல்லை. அந்த ஆல்பம் 'மெஷின் ஹெட்' 1972-இல் வந்தது. இந்தப் பாட்டு அமெரிக்காவில் சிங்கிளாக வந்தது 1973-இல், பில்போர்டு பாட்டுப் பட்டியலில் நாலாம் இடம்.

பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 112 தட்டு. நீ முதலில் 70-இல் மெட்ரோனோம் வைத்துப் பழகு. ஆம்பில் கரகரப்பைக் கூட்டும் கெயினைப் பாதிக்குக் கீழே இறக்கு. ஒவ்வொரு அடிக்கும் பிறகு கம்பிகளை உள்ளங்கையால் அமர்த்து, இல்லையென்றால் திறந்த கம்பி இரண்டும் அடுத்த அடிவரை இழுக்கும். சரியாக வந்ததும் புதுப் பதிவு அனுப்பு. டேவிட்டுக்குக் காட்டாதே, அவன் உடனே டிரம்ஸ் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான்.

அன்புடன்,
மூர்த்தி