அண்ணாவுக்கு, பெப்ரவரி 7

அண்ணா,

இன்றோடு 30 வருசம். எதற்கு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

96-ல், அன்றிரவு வேலையால் வந்த நீங்கள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ரீவிக்கு முன்னால் நின்றீர்கள். எங்கள் வினிபெக் ஜெட்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் நட்சத்திரம் செலானேயை அனஹைம் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு வந்தது முக்கியமாக 19 வயதுப் பெடியள் இரண்டு பேர். நான் கணக்கியல் புத்தகத்தோடு இருந்தேன். "கணக்குச் சரிதானே அண்ணா" என்றேன்.

கனேடியக் காசுக்கு ரிக்கற் விற்று அமெரிக்க டொலரில் சம்பளம் கொடுத்த அணி அது. முந்தின கோடையில் சிக்காகோ அணி நீட்டிய தொகைக்கு ஈடு கட்டித்தான் எங்கள் இன்னொரு ஆட்டக்காரர் கச்சக்கைப் பிடித்து வைத்தார்கள். அடுத்த சீசன் அணியே எப்படியும் பீனிக்ஸுக்குப் போகவிருந்தது. கணக்குச் சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இரவு அதுவல்ல. "போற அணியெண்டாலும் கடைசி நாள்வரை அவனை இஞ்ச விளையாட விட்டிருக்கலாம்" என்றுவிட்டு, சாப்பிடாமலே படுத்தீர்கள்.

93 மார்ச் 2 நினைவிருக்கிறதா? ராணியின் படம் தொங்கிய அந்த அரங்கில், நாங்கள் மேல் வரிசையில். எங்கள் அணியின் டோமி உயர்த்திப் போட்ட பந்துத்தட்டை நோக்கிக் கோலி வெளியே ஓடி வர, செலானே ஒற்றைக் கையால் எட்டி அவரைத் தாண்டித் தட்டிவிட்டார். அந்த சீசனில் அவரின் 54-ஆவது கோல். முதல் வருசக்காரர் ஒருவரும் அதுவரை ஒரு சீசனில் 53-ஐத் தாண்டியதில்லை. கையுறையைக் கழற்றி மேலே எறிந்தார், மட்டையைத் துவக்காகப் பிடித்து அதைச் சுட்டார். நீங்கள் சிரித்தீர்கள். துவக்கு மாதிரி ஒன்றைப் பார்த்து நீங்கள் சிரித்தது அன்றைக்குத்தான். இதற்கு மேல் இங்கே எழுதவில்லை, சொந்தக்காரர் வாசிப்பார்கள்.

பிறகு உங்கள் வலக்கைக் கம்பளிக் கையுறையையும் கழற்றி எறிந்தீர்கள். அது கீழ் வரிசைகளுக்குள் விழுந்தது. ஆட்டம் முடிந்து கதிரைகளுக்குள் குனிந்து தேடியும் கிடைக்கவில்லை. போர்ட்டேஜ் வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது அந்தக் கையைப் பொக்கற்றுக்குள் வைத்திருந்தீர்கள். என் இரண்டு கையிலும் கையுறை இருந்தது. ஒன்றைக் கழற்றித் தர எனக்குத் தோன்றவேயில்லை. 15 வயது என்பது அதற்குச் சாட்டாகாது.

ஆனால் 95-ல் ஜெட்ஸைக் காப்பாற்றக் காசு சேர்த்தார்களே, சின்னப் பிள்ளைகள் உண்டியல் உடைத்துக் கொடுத்தார்கள். நீங்கள் எங்கள் வாடகைக் காசில் 50 டொலர் எடுத்துக் கொடுத்தீர்கள். அந்த மாதம் வீட்டுக்காரருக்கு முன்னால் தலை குனிந்து நின்றது நான். அதனால்தான் எனக்குக் கணக்குப் பேச வந்தது. அதை ஒருநாளும் நீங்கள் யோசிக்கவில்லை. அணி போன அதே கோடையில் நீங்களும் ரொறன்ரோவுக்கு வெளிக்கிட்டீர்கள், அம்மாவையும் வாடகையையும் என்னிடம் விட்டுவிட்டு. என்னை யார் கேட்டது? காரணம் இருந்தது, தெரியும். அதை இங்கே சொல்லமாட்டேன்.

செலானே 2007-ல் அனஹைமில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அழுததை நான் தனியப் பார்த்தேன். உங்களுக்குப் போன் எடுக்கப் போய் நம்பரை அமத்தாமல் வைத்துவிட்டேன். நீங்களும் எடுக்கவில்லை.

அந்த வலக்கைச் சின்னி விரல், குளிருக்கு இன்னும் விறைக்கிறதா?

தம்பி