அக்டோபரில் பிறந்த பாப்பாவும் எல்கேஜியும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

பாப்பா பிறந்தது 2023 அக்டோபர். 2026 ஜூனில் அவளுக்கு 2 வயது 8 மாதம்தான் ஆகும். "ஏபிசிடி எல்லாம் கடகடன்னு சொல்றா, எல்கேஜியில போட்டுடலாமா?" என்று கேட்டிருந்தாய். ஒரு வருஷம் பொறு.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு ஜூலை 31-க்குள் 3 வயது முடிந்திருக்க வேண்டும், பாப்பாவுக்கு முடியாது. பணம் கட்டிச் சேர்க்கும் பள்ளிகளில் இந்தத் தேதி முன்னே பின்னே இருக்கும். சீட் காலியாக இருந்தால் இரண்டரை வயதையும் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். ஆனால் அப்படிச் சேர்த்தால் 4 வயது 8 மாதத்தில் ஒன்றாம் வகுப்பில் உட்கார வேண்டியிருக்கும்.

மாப்பிள்ளைக்கு மாற்றல் வரும் வேலை என்பதால் இதையும் பார். கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31-ல் 6 வயது முடிந்திருந்தால்தான் ஒன்றாம் வகுப்பு. இப்போதே சேர்த்தால் 2030 மார்ச்சில் இரண்டாம் வகுப்பையே முடித்திருப்பாள். அப்போது அங்கே மாற்ற நேர்ந்தால் வயதுப்படி திரும்பவும் ஒன்றாம் வகுப்புதான். முந்தியதாக நினைத்த ஒரு வருஷத்தோடு இன்னொன்றும் சேர்ந்து போகும். நீட் எழுத டிசம்பர் 31-ல் 17 ஆக வேண்டும் என்ற விதி அக்டோபர்க் குழந்தையைத் தொடாது; 2024 ஜனவரியில் பிறந்த குழந்தையை இதே வகுப்பில் போட்டால் பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருஷம் சும்மா இருக்க வேண்டிவரும்.

ஏபிசிடி சொல்வது வாயின் வேலை, எல்கேஜியில் கேட்பது கையின் வேலை. பொதுவாக 3 வயதில்தான் பார்த்து வட்டம் போட வரும், 4 வாக்கில் கூட்டல் குறி, அதற்குப் பிறகு சதுரம், 5 வாக்கில் முக்கோணம். கூட்டல் குறி வந்த கைக்கு ட, ப எளிது; இரண்டு மூன்று நேர்கோடுகள், அவ்வளவுதான். 'அ' சுழித்து, வளைந்து, இறங்க வேண்டிய எழுத்து. இன்னும் கோடு வராத கையில் பென்சிலைத் திணித்து நாலு கோடு நோட்டைக் கொடுத்தால், விரல் நுனிக்குப் பதில் முழு முஷ்டியால் பிடிக்கப் பழகிவிடும். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

எழுத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது வேறு. அவசரம் வந்தால் அந்நியரிடம் வாய்விட்டுச் சொல்கிறாளா? ஜட்டியைத் தானே இறக்கி ஏற்றுகிறாளா? டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கிறாளா? இருபது முப்பது பிள்ளைகளுக்கு ஒரு மிஸ், ஒரு ஆயா இருக்கும் வகுப்பில் கேட்டால்தான் உதவி வரும். கேட்கத் தெரியாத பிள்ளை அடக்கிக்கொள்ளும், அதிலிருந்து மலச்சிக்கல், அப்புறம் "ஸ்கூல் வேணாம்" என்ற அழுகை. தூக்கத்தையும் கணக்கில் எடு: இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தோடு 11 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. காலை ஏழரைக்கு வேன் என்றால் எங்கிருந்து வரும்?

வகுப்பிலேயே சின்னப் பிள்ளைகளுக்குக் கவனக்குறைவுக் கோளாறு என்ற முத்திரை அதிகம் விழுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நேரம் அது கோளாறே இல்லை, வயதுதான்.

உன் அத்தை விஜயதசமிக்குச் சேர்க்கச் சொல்கிறார்கள், அதற்குள் மூன்று முடிகிறதே என்று. பச்சரிசியில் விரலால் எழுதட்டும், அதற்குப் பென்சில் பிடி தேவையில்லை! ஆனால் சேர்ப்பது ப்ரீகேஜியாக இருக்கட்டும். பாதி வருஷத்தில் எல்கேஜியில் நுழைந்தால் மற்றவர்கள் நாலு மாதம் எழுதிப் பழகியிருப்பார்கள். ஜூனில் இவளையும் யுகேஜிக்குத் தள்ளிவிடுவார்கள். "2027 ஜூனில் எந்த வகுப்பு?" என்று பள்ளியில் கேட்டு, எல்கேஜி என்று அட்மிஷன் படிவத்திலேயே எழுதி வாங்கு. அதுவரை பக்கத்து அங்கன்வாடியும் நல்ல இடம்தான். பாட்டு, விளையாட்டு, மதியச் சாப்பாடு. வீட்டில் சப்பாத்தி மாவு உருட்டட்டும், பட்டாணி உரிக்கட்டும். விரலுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

தேதியை மாற்றிக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதிதான் ஆதாரம். அதில் பாப்பாவின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பார். ஏறவில்லையென்றால் இப்போது தாமதக் கட்டணம் கட்டித்தான் சேர்க்க முடியும்.

அன்புடன்,
அக்கா